கம்பளியும் பட்டும் எனக்குக் கற்றுக்கொடுத்தது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கைத்தொழில் அமர்வில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மேடையில பேசிப் பழக்கம் இல்லாதவள். பூண்டுக் காட்டுல களை எடுக்கச் சொன்னா நாள் முழுக்க எடுப்பேன். மைக்கைக் கையில கொடுத்தா கை நடுங்குது. தலைவி அக்கா என்கிட்ட, "நீ செய்யிற கம்பளி ஸ்கார்ஃப் பத்திப் பேசு, உன் வெற்றிக் கதையைச் சொல்லு"ன்னு சொன்னாங்க. வெற்றியைச் சொல்றதுக்கு முன்னாடி தோல்வியைச் சொல்லணும். நான் செஞ்ச 14 ஸ்கார்ஃபும் கடையில இருந்து திரும்பி வந்துச்சு. அதுல இருந்துதான் நான் தொழிலைக் கத்துக்கிட்டேன். அதனால அதையும் சேர்த்தே சொல்றேன்.

இது என்ன தொழில்?

முதல்ல இது என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். நம்ம மலையில எல்லார் வீட்டுலயும் ஒரு தடவையாவது இது நடந்திருக்கும். பிள்ளையோட சுத்தக் கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாம சுடுதண்ணியில போட்டு, சோப்புப் போட்டுக் கும்முக் கும்முன்னு கும்மிடுவோம். காய்ஞ்ச பிறகு பார்த்தா பொம்மைக்குப் போடற அளவுக்குச் சுருங்கி, அட்டை மாதிரி ஆயிருக்கும். இழுத்தாலும் பழையபடி வராது. வீட்டுல திட்டு வாங்கிக் கொடுத்த அந்தச் சங்கதிதான் இங்க தொழில். அதுக்குப் பேரு ஃபெல்ட்.

ஏன் அப்படிச் சுருங்குது? ஆட்டு ரோமம் ஒவ்வொண்ணு மேலயும் மீன் செதில் மாதிரி பொடிப்பொடியா செதில் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. சூடும் சோப்புத் தண்ணியும் பட்டா செதில் விரியும். தேய்க்கத் தேய்க்க ஒரு ரோமத்தோட செதில் இன்னொண்ணுல மாட்டிக்கும். மாட்டினது மாட்டினதுதான், விடாது. நெய்யாம, பின்னாம, தைக்காம துணி ஆயிடும்.

இந்த ஃபெல்ட் ரொம்பப் பழைய கைவேலை. நான் செய்யிறது அதுல புதுசா வந்த ஒரு வகை. மெல்லிசான பட்டுத் துணி மேல கம்பளி ரோமத்தைப் பரப்பி, ரெண்டையும் ஒண்ணாப் பிடிக்க வைக்கிறது. இதுக்கு நூனோ ஃபெல்ட்னு பேரு. நூனோன்னா ஜப்பான் மொழியில துணின்னு அர்த்தம். 1990களில் ஆஸ்திரேலியாவுல பாலி ஸ்டெர்லிங்னு ஒரு அம்மா, சச்சிகோ கொட்டாகான்னு ஜப்பான்காரம்மா ஒருத்தரோட சேர்ந்து இதை உருவாக்கினாங்கன்னு எங்க பயிற்சியில டீச்சர் சொன்னாங்க. ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து கண்டுபிடிச்ச தொழில்னு கேட்டதும் எனக்கு அப்பவே ஒரு பிடிப்பு வந்துடுச்சு.

பட்டு சுருங்காது. கம்பளி சுருங்கும். ஒண்ணாப் பிடிச்ச பிறகு கம்பளி சுருங்கும்போது பட்டையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகும். சுருங்க முடியாத பட்டு அங்கங்க நெளிநெளியா, சுருக்கம் சுருக்கமா எழும்பி நிக்கும். அந்தச் சுருக்கம்தான் இதுக்கு அழகு. கழுத்துல போட்டா எடையே தெரியாது, ஆனா கதகதன்னு இருக்கும்.

பயிற்சிக்குப் போன கதை

எங்க ஊரு மன்னவனூருக்குப் பக்கம். மன்னவனூர்ல மத்திய அரசோட செம்மறியாட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது உங்களுக்குத் தெரியும். ராஜஸ்தான் அவிகாநகர்ல இருக்கிற நிலையத்தோட கிளை அது. அங்க பாரத் மெரினோன்னு மெல்லிசான ரோமம் உள்ள ஆடு வளர்க்கிறாங்க. சின்னப் பிள்ளையில இருந்து அந்த வெள்ளை ஆடுகளைப் பார்த்துக்கிட்டேதான் வளர்ந்தேன். ஆனா அந்த ரோமத்துல நாம ஒரு பொருள் செய்யலாம்னு நினைச்சதே இல்லை.

கீழ்நாட்டுல எல்லா ஆட்டு ரோமமும் இதுக்கு ஆகாது. மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி ரோமமே கிடையாது, கறிக்குத்தான் வளர்க்கிறாங்க. திருச்சிக் கருப்பு ஆட்டு ரோமம் முரடு, போர்வைக் கம்பளிக்குத்தான் சரி. கழுத்துல போட்டா குத்தும். ஸ்கார்ஃபுக்கு மெரினோ மாதிரி மெல்லிசு ரோமம் வேணும். அதை அலசி அழுக்கும் பிசுக்கும் எடுத்து, சீப்புல வாரின மாதிரி ஒரே போக்கா நீள நாடாவாச் சீவியிருக்கணும். சீவின நாடாவை நாங்க இப்ப லூதியானாப் பக்கமிருந்து வரவழைக்கிறோம்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஐப்பசி மழையில காட்டுவேலை இல்லாத நேரம், அஞ்சு நாள் பயிற்சின்னு கூட்டத்துல அறிவிச்சாங்க. எங்க குழுவுல இருந்து நானும் இன்னொரு தங்கச்சியும் பேர் கொடுத்தோம். முதல் நாள் டீச்சர் நாலஞ்சு துணியை மேசையில போட்டு, "இதுல எது ஆகும், எது ஆகாது சொல்லுங்க"ன்னாங்க. நான் போய் நல்ல கனமான பட்டுத் துணியைத் தூக்கினேன். நமக்குப் பட்டுன்னா கல்யாணப் பட்டுதானே, கனமா இருந்தாத்தானே மதிப்பு. டீச்சர் சிரிச்சாங்க. "அதை வாயில வச்சு ஊதுங்க"ன்னாங்க. ஊதினேன், காத்து அந்தப் பக்கம் போகலை. சிஃபான் பட்டைக் கொடுத்து ஊதச் சொன்னாங்க. காத்து சல்லுனு போச்சு. "காத்து போற கண்ணு வழியாத்தான் ரோமமும் போகும். காத்தே போகலைன்னா ரோமம் எப்படிப் போகும்?" இதுதான் முதல் பாடம். கேட்டேன், நோட்டுல எழுதினேன். மனசுல எழுதிக்கலை. அது பின்னாடி தெரிஞ்சுது.

அஞ்சாம் நாள் ஆளுக்கு ஒரு ஸ்கார்ஃப் செஞ்சு முடிச்சோம். என்னோடது நீலமும் வெள்ளையுமா, மழை மேகம் மாதிரி இருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். என் வீட்டுக்காரர் தொட்டுப் பார்த்துட்டு, "இதை நீயா செஞ்ச?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். அந்த ஒரு கேள்வியில எனக்குத் தலைகால் புரியலை.

பதினாலு ஸ்கார்ஃப்

டவுன்ல சுற்றுலாக்காரங்க வாங்குற கடை ஒண்ணுல அந்த நீல ஸ்கார்ஃபைக் காட்டினேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்தார். "சீசனுக்கு முன்னாடி 14 கொண்டு வாங்க, ஒண்ணுக்கு 850 ரூபாய் தர்றேன்"னார். நான் அன்னைக்கே மனசுக்குள்ள பெருக்கிப் பார்த்துட்டேன். 11,900 ரூபாய்.

குழுவுல 8,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். தீர்மானம் போட்டு, நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டியில கொடுத்தாங்க. ஒரு பைசா குறைக்கலை, ஒரு நாள் தள்ளிப் போடலை. இன்னைக்கும் அதுக்கு நன்றி சொல்றேன்.

அந்தப் பணத்துல சிஃபான் பட்டு வாங்கியிருக்கணும். மீட்டர் 480 ரூபாய் சொன்னாங்க. பக்கத்துலயே இன்னொரு பட்டு, கொஞ்சம் கனமா, பளபளன்னு, மீட்டர் 280 ரூபாய்க்கு இருந்துச்சு. சுத்தப் பட்டுதான், அதுல ஏமாத்து இல்லை. ஓரத்து நூல் ரெண்டைக் கொளுத்திப் பார்த்தேன். தலைமயிர் கருகின வாடை வந்துச்சு, சாம்பல் விரல்ல பொடிஞ்சுது. பாலியெஸ்டரா இருந்தா உருகி மணி மாதிரி கெட்டியாகும். பட்டா இல்லையான்னு சோதிச்ச நான், வாயில வச்சு ஊதிப் பார்க்கலை. 200 ரூபாய் மிச்சம்கிறது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது.

இன்னொரு தப்பும் பண்ணினேன். டீச்சர் முதல்ல பச்சைத் தண்ணியில நிதானமாத் தேய்க்கச் சொன்னாங்க. எனக்கு நாள் குறைவு. பொங்கல் முடிஞ்சு பூண்டு வேலை வந்துடும்னு பயம். அடுப்புல தண்ணியைக் கொதிக்க வச்சு எடுத்த எடுப்புலயே ஊத்திட்டேன். கம்பளி டக்குனு சுருங்குச்சு. "ஆகா, அஞ்சு மணி நேர வேலை ரெண்டரை மணியில முடிஞ்சுதே"ன்னு சந்தோஷப்பட்டேன்.

14-ஐயும் மடிச்சுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து நாள்ல கடையில இருந்து போன். போனேன். கவுண்டர் மேல என் ஸ்கார்ஃப் எல்லாம் குவிச்சுக் கிடக்கு. கடைக்காரர் ஒண்ணை எடுத்து ஓரத்துல நகத்தால நெம்பினார். கம்பளி, பால் ஆடை மாதிரி முழுசாப் பட்டை விட்டு உரிஞ்சு வந்துடுச்சு. அவர் திட்டலை. "வாங்கின அம்மா திருப்பிக் கொண்டாந்துட்டாங்கம்மா. எடுத்துட்டுப் போயிருங்க"ன்னு மெதுவாச் சொன்னார். திட்டியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு.

பஸ்ஸுல அந்த மூட்டையை மடியில வச்சுக்கிட்டு வந்தேன். வீட்டுல பரண் மேல போட்டேன். அடுத்த ரெண்டு கூட்டத்துக்கு நான் போகலை. தவணையும் கட்டலை. ஒரு வாரம் காய்ச்சல்னு சொல்லி அனுப்பினேன், ஒரு வாரம் மாமியாருக்கு முடியலைன்னு சொல்லி அனுப்பினேன். ரெண்டும் பொய். மாமியார் நல்லா நடமாடிக்கிட்டுத்தான் இருந்தாங்க. அவங்க பேரைச் சொல்லிப் பொய் சொன்னதுக்கு இந்த மேடையில மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.

குழு வீட்டுக்கு வந்தது

மூணாவது வாரம் எங்க ஊக்குநர் அக்காவும் இன்னும் நாலு பேரும் வீட்டுக்கே வந்துட்டாங்க. வசூலுக்குத்தான் வந்திருக்காங்கன்னு நினைச்சு, வாசல்லயே, "அடுத்த மாசம் கட்டிடறேன் அக்கா"ன்னேன். அக்கா, "முதல்ல காப்பி போடு, பிறகு பேசலாம்"னு சொல்லிட்டு உள்ள வந்து உட்கார்ந்துட்டாங்க.

மூட்டையை இறக்கச் சொன்னாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. கூட வந்த பெரியம்மா ஒருத்தர், எழுபது வயசு இருக்கும், ஒரு ஸ்கார்ஃபைத் திருப்பி வச்சு வெளிச்சத்துல பார்த்தாங்க. அவங்களுக்கு ஃபெல்ட்டும் தெரியாது, நூனோவும் தெரியாது. "ஏண்டி, மேல இம்புட்டு மயிரு இருக்கு, பின்னாடி ஒரு மயிருகூட எட்டிப் பார்க்கலியே. நாத்து நட்டா வேரு மண்ணுக்குள்ள இறங்க வேண்டாமா?"ன்னு கேட்டாங்க.

அவ்வளவுதான் விஷயம். அன்னைக்கு ராத்திரியே டீச்சருக்குப் போன் போட்டேன். அவங்க மூணே மூணு கேள்வி கேட்டாங்க. துணியை ஊதிப் பார்த்தீங்களா? முதல் தண்ணி சூடா, பச்சையா? சுருக்குறதுக்கு முன்னாடி பின்பக்கம் தடவிப் பார்த்தீங்களா? மூணுக்கும் என்கிட்ட பதில் இல்லை. கனமான துணியில ரோமம் நுழைய வழி இல்லை. கொதிக்கிற தண்ணி பட்டதும் கம்பளி, பட்டுக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடியே தனக்குத்தானே பின்னிக்கிச்சு. பட்டு தனி, கம்பளி தனி. மேல ஒட்டின மாதிரி ஒரு தோற்றம், அவ்வளவுதான். டீச்சர் சொன்ன வார்த்தை: "முதல்ல பிடிக்கணும், பிறகுதான் சுருங்கணும்."

அடுத்த கூட்டத்துக்குப் போனேன். நடந்ததை அப்படியே சொன்னேன். தவணையை நாலு மாசத்துக்குத் தள்ளி வச்சுத் தீர்மானம் எழுதினாங்க. வட்டியைத் தள்ளுபடி பண்ணலை. அது சரிதான், அது எல்லாருடைய சேமிப்பு. கூடவே இன்னொரு தீர்மானம் போட்டாங்க. இனிமே நான் செய்யிற ஒவ்வொரு ஸ்கார்ஃபையும், சுருக்குறதுக்கு முன்னாடி குழுவுல ரெண்டு பேர் பார்த்து நோட்டுல கையெழுத்துப் போடணும்னு. முதல்ல எனக்கு அது அவமானமா இருந்துச்சு. இப்ப அதுதான் எங்க தொழிலுக்கே காவல்.

உரிஞ்சு வந்த கம்பளியையும் வீணாக்கலை. அது தனியாப் பார்த்தா நல்ல ஃபெல்ட்தானே. அதை வெட்டிக் குளிருக்குச் செருப்புக்குள்ள வைக்கிற அட்டையும், சட்டையில குத்துற பூவும் செஞ்சோம். பூ நல்லாப் போச்சு. நஷ்டத்துல 1,900 ரூபாய் அதுல திரும்பி வந்துச்சு.

இப்ப நாங்க செய்யிற முறை

கத்துக்க விரும்பறவங்களுக்காக முறையைச் சொல்றேன். அக்காமார் நோட்டு வச்சிருந்தா எழுதிக்கலாம்.

துணி: காத்துப் போற மெல்லிய சிஃபான் பட்டு. 44 அங்குல அகலத்துல ரெண்டேகால் மீட்டர் வாங்கி, நீளவாக்குல ரெண்டாக் கிழிச்சா ரெண்டு ஸ்கார்ஃப் ஆகும். ஒண்ணு சுமார் 225 சென்டிமீட்டர் நீளம், 56 சென்டிமீட்டர் அகலம். முடியும்போது மூணுல ஒரு பங்கு சுருங்கி, 150 நீளம், 37 அகலம்னு வரும். முடிவுல எவ்வளவு வேணுமோ அதுக்கு மேல ஒன்றரை மடங்கு வச்சுத் தொடங்கணும்.

கம்பளி: ஒரு ஸ்கார்ஃபுக்கு 40 கிராம். தராசுல நிறுத்துத்தான் எடுக்கணும். கண்ணளவு ஆகாது. பாதியைத் தடிமனாவும் பாதியை மெல்லிசாவும் வச்சா, ஒரு பக்கம் அதிகம் சுருங்கி, ஒரு பக்கம் சுருங்காம, பாம்பு மாதிரி வளைஞ்சுடும்.

பரப்புறது: நீள மேசையில குமிழ் பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்சு, குமிழ் மேல பார்க்க வச்சு, அதுக்கு மேல பட்டு. கம்பளி நாடாவை இடது கையில தளர்வாப் பிடிச்சு, நுனியை வலது கையால மெதுவா உருவினா சிலந்திக்கூடு மாதிரி வரும். அதை ஓட்டில ஓடு ஏத்தின மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஓரம் ஏறும்படி வைக்கணும். கீழ இருக்கிற பட்டோட நிறம் தெரியிற அளவுக்கு மெல்லிசா இருக்கணும். மின்விசிறியை நிறுத்திடுங்க. தும்மல் வந்தா வெளிய போயிடுங்க. நான் சிரிப்புக்குச் சொல்லலை, ஒரு தும்மல்ல அரை மணி நேர வேலை பறந்து போயிருக்கு.

நனைக்கிறது: மேல பழைய கொசுவலையை விரிச்சு, குளியல் சோப்புச் சீவல் கரைச்ச பச்சைத் தண்ணியைத் தெளிக்கணும். மலைக் குளிர்ல கை விறைக்குதுன்னா லேசாக் குளிர் விட்டாப் போதும், சூடு கூடாது. துணி துவைக்கிற பவுடர் வேண்டவே வேண்டாம், அதோட காரம் கம்பளிக்கும் ஆகாது, கைக்கும் ஆகாது. உள்ளங்கையால வட்டமா, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரித் தேய்க்கணும். அழுத்தக் கூடாது. நடுநடுவுல வலையை மெதுவாத் தூக்கிப் பார்க்கணும், இல்லைன்னா ரோமம் வலையிலயே பிடிச்சுக்கும்.

உருட்டுறது: வலையை எடுத்துட்டு, ஷீட்டோட சேர்த்து ஒரு பிவிசி பைப்புல பாய் சுருட்டுற மாதிரி சுருட்டி, துணிக் கிழிசலால கட்டி, சப்பாத்திக் கட்டை உருட்டுற மாதிரி முன்னும் பின்னும் 200 தடவை. பிரிச்சு, மறுமுனையில இருந்து சுருட்டி 200. துண்டைப் புரட்டிப் போட்டு மறுபடியும் 200, 200. இடுப்பு வலிக்கும். அதனால நாங்க ரெண்டு பேர் எதிரும் புதிருமா உட்கார்ந்து உருட்டுறோம். பேச்சும் நடக்கும், எண்ணிக்கையும் நடக்கும். பேச்சு சூடானா எண்ணிக்கை தப்பும், அப்ப முதல்ல இருந்து எண்ணுவோம்.

பார்க்கிறது: இதுதான் முக்கியம். துண்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைத் தடவணும். பிறந்த குழந்தையோட காதோரத்துல இருக்கிற பூனைமுடி மாதிரி ரோமம் எட்டிப் பார்க்கணும். முன்பக்கம் ரெண்டு விரலால கம்பளியைக் கிள்ளித் தூக்கினா பட்டும் கூடவே வரணும். கம்பளி மட்டும் தனியா வந்தா, இன்னும் 200 உருட்டணும். இந்த இடத்துலதான் ரெண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடறது.

சுருக்குறது: கையெழுத்து விழுந்த பிறகுதான் சுடுதண்ணி. கை பொறுக்கிற சூட்டுல நனைச்சு, லேசாப் பிழிஞ்சு, பந்து மாதிரி எடுத்து மேசை மேல போட்டுப் போட்டு எடுக்கணும். முதல்ல மெதுவா, பிறகு வேகமா. நடுநடுவுல விரிச்சு உதறணும், இல்லைன்னா மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கும். கண்ணுக்கு முன்னாடி சுருங்கும். அளவு வந்ததும் நிறுத்திடணும். கூடச் சுருங்கினதை யாராலயும் திருப்ப முடியாது.

அலசுறது: சோப்பு போற வரைக்கும் நல்ல தண்ணி. கடைசித் தண்ணியில ஒரு மூடி வினிகர் விட்டா சோப்போட காரம் போயிடும். முறுக்கிப் பிழியாம, துண்டுல சுருட்டி ஈரம் எடுத்து, ஓரத்தை இழுத்து நேராக்கி, நிழல்ல காயப் போடணும்.

கூலிக் கணக்கு

இப்ப இன்னொரு கணக்கு சொல்றேன், கேளுங்க. என் முதல் 14 ஸ்கார்ஃபுக்குப் பட்டு 4,410, கம்பளி 2,500, மற்ற சாமான் 900, ஆக 7,810 ரூபாய் செலவு. ஒண்ணுக்கு 558. கடைக்காரர் சொன்னது 850. மிச்சம் 292 ரூபாய். அதைத்தான் நான் லாபம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

கூட்டத்துல எங்க கணக்காளர் தங்கச்சி கேட்டாள்: "ஒரு ஸ்கார்ஃப் ஒழுங்காச் செய்ய எத்தனை மணி நேரம் அக்கா?" ஆறு மணி நேரம்னேன். "நம்ம ஊருல பொம்பளைக் கூலி எட்டு மணி நேரத்துக்கு 400. அப்ப ஆறு மணிக்கு 300. உங்களுக்கு மிச்சம் 292. அந்த 14-ம் நல்லபடியா வித்திருந்தாலும், ஒவ்வொண்ணுலயும் கூலியை விட எட்டு ரூபாய் கம்மியாத்தான் வாங்கியிருப்பீங்க." சபையே கொஞ்ச நேரம் பேசலை. பஸ் செலவை அவள் இன்னும் சேர்க்கவே இல்லை.

நம்மில் சிலபேர் அன்னைக்குச் சொன்னாங்க, "மழையில சும்மாதானே இருக்கோம், கிடைச்சது லாபம்"னு. நானும் அப்படி நினைச்சவள்தான். ஆனா நாம சும்மாவா இருக்கோம்? சும்மா இருக்கிற நேரத்துல யாரு சோறாக்குறது, யாரு மாட்டுக்குத் தண்ணி காட்டுறது? அடுத்தவங்க காட்டுல வேலை செஞ்சா கூலி கேட்கிறோம். நம்ம கைவேலைக்கு நாமே கூலி எழுதலைன்னா வேற யாரு எழுதுவாங்க?

இப்ப எங்க கணக்கு இதுதான். பட்டு 540, கம்பளி 100, சோப்பு, வினிகர், சாயம், விறகு 35, அட்டையும் உறையும் 15, போக்குவரத்து 20. ஆக 710. கூலி 300. கெட்டுப்போறதுக்கு ஒதுக்கீடு 90. மொத்தம் 1,100. கடைக்கு 1,400-க்குக் குறைச்சுக் கொடுக்கிறதில்லை. அந்த 300-ல குழுவுக்கு 50 போகுது. திருப்பிக் கொடுத்த அதே கடைக்காரர்கிட்ட இந்தக் கணக்கை எழுதிக் கொண்டுபோனேன். ஸ்கார்ஃபை எடுத்து, நகத்தால நெம்பினார். வரலை. இன்னொரு ஓரத்துல நெம்பினார். வரலை. "ஆறு மட்டும் வைங்க, பார்ப்போம்"னார். போன சீசன்ல 32 எடுத்தார்.

என் கடன் முழுசும் வட்டியோட அடைஞ்சாச்சு. இதை வச்சு மாடி வீடு கட்டிட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். சீசன்ல விக்கும், மத்த நாள்ல தேங்கும். பூண்டு வேலை வந்தா காட்டுக்குத்தான் போறேன். ஆனா மழை மாசம் மூணுலயும் எங்க குழுவுல ஆறு பேருக்கு இப்ப கையில வேலை இருக்கு, கூலி எழுதின வேலை.

கடைசியா ஒண்ணு. கம்பளி எடுத்த எடுப்புல சுருங்கினா உரிஞ்சு வந்துடும்னு சொன்னேன். குழுவும் அப்படித்தான் அக்கா. கடன் கொடுக்கிறதும் வாங்குறதும் மட்டும் குழு இல்லை. கஷ்டம்னு ஒருத்தி வீட்டுக்குள்ள ஒடுங்கும்போது, அவ வீட்டுப் படியேறி, "காப்பி போடு"ன்னு உட்கார்றாங்களே, அதுதான் பின்பக்கம் எட்டிப் பார்க்கிற ரோமம். அது இருந்தா எந்தச் சுடுதண்ணிக்கும் பயம் இல்லை. யாராவது ரெண்டு கூட்டம் தொடர்ந்து வரலைன்னா, தயவுசெஞ்சு போன் போடாதீங்க. நேர்ல போங்க.

கத்துக்க வர்றவங்க எங்க ஊருக்கு வாங்க. கார்த்திகை மாசம் முழுக்க மேசை விரிச்சிருப்போம். வரும்போது பழைய கொசுவலை ஒண்ணு மட்டும் கொண்டு வாங்க, மத்ததை நாங்க தர்றோம்.